பயத்தையும் சந்தேகத்தையும் சொல்லி ஜெபிக்கலாமா?

கேள்வி: எங்கள் சபையில் பெண்கள் ஜெபக் குழுவை நான்தான் நடத்துகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் என் தம்பி புற்றுநோயில் இறந்துபோனான். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. "கட்டாயம் சுகமாவான்" என்று பலர் வாக்குத்தத்தம் கொடுத்தார்கள். அவன் போன பிறகு ஒருவர், "எங்கேயோ விசுவாசக் குறைவு இருந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, குழுவில் சரளமாக ஜெபிக்கிற எனக்குத் தனியறையில் வாயே திறப்பதில்லை. இப்போது என் ஒன்பது வயது மகளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. அடுத்த வாரம் பரிசோதனை முடிவு வரும். "ஆண்டவரே, நீர் கேட்கிறீரா? இவளையும் எடுத்துக்கொள்வீரோ?" என்பதுதான் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை ஜெபமாகச் சொல்லப் பயமாக இருக்கிறது. சந்தேகப்படுகிறவன் ஒன்றையும் பெறமாட்டான் என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே? வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் அழிந்துபோனார்களே? வாயால் சொன்னால் அதுவே நடந்துவிடுமோ?
- ஒரு சகோதரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆண்டவரே, நீர் கேட்கிறீரா? இவளையும் எடுத்துக்கொள்வீரோ?" நீங்கள் அதை ஜெபமாகச் சொல்லப் பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த வாக்கியம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். "ஆண்டவரே" என்று தொடங்குகிறது. இரண்டு வருடமாக ஜெபிக்க முடியவில்லை என்கிறீர்கள். உங்கள் மனமோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. அதைச் சத்தமாகச் சொல்ல உங்களுக்கு அனுமதி இல்லை என்று யாரோ நம்ப வைத்துவிட்டார்கள்.

யார் அதைச் செய்தார்களோ, அவர்கள் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் தம்பி விசுவாசக் குறைவால் இறந்தான் என்பதை நான் ஏற்கவில்லை. நீங்களும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. பவுல் தன் சரீரத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார்; அது நீங்கவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசியில், துரோப்பீமு என்ற உடன் ஊழியனை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்ததாக ஒரே வரியில் எழுதுகிறார். யாருடைய விசுவாசம் குறைந்தது என்ற விசாரணை அங்கே இல்லை. நண்பன் வியாதியாயிருந்தான், விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்போஸ்தலனே அப்படி எழுதியிருக்கும்போது, சவக்குழியின் ஓரத்தில் நிற்கிற ஒரு அக்காவிடம் கணக்குக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

பிள்ளைகளையும் சரீர சுகத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் நண்பர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். முதல் ஏழு நாள் அவர்கள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். அதற்குப் பிறகு வாயைத் திறந்தார்கள்: நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், ஒத்துக்கொள், சரியாகிவிடும் என்றார்கள். யோபுவோ தான் பிறந்த நாளைச் சபித்தான், தேவனோடு வழக்காட வேண்டும் என்றான், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று நேருக்கு நேர் கேட்டான். புத்தகத்தின் முடிவில் கர்த்தர் யாரைக் கடிந்துகொண்டார்? நண்பர்களை. "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்றார். இதில் எனக்கு எப்போதும் படுகிற ஒன்று உண்டு. நண்பர்கள் தேவனைப் பற்றி நிறையப் பேசினார்கள், அவரிடம் ஒரு வார்த்தை பேசியதாக அந்தப் புத்தகத்தில் இல்லை. யோபுதான் அவரிடமே திரும்பித் திரும்பிப் போனான். தான் அறியாததைப் பேசிவிட்டதாக யோபுவும் கடைசியில் மனஸ்தாபப்பட்டான் என்பது உண்மை. ஆனாலும் அவனைத்தான் கர்த்தர் "என் தாசன்" என்கிறார், அவன்தான் அந்த நண்பர்களுக்காக வேண்டுதல் செய்ய வேண்டியிருந்தது.

முறுமுறுப்பைப் பற்றிய உங்கள் பயத்துக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. எண்ணாகமம் 11-ம் அதிகாரத்தை எடுத்து ஒரே மூச்சில் வாசியுங்கள். வனாந்தரத்தில் தேவன் தினமும் கொடுத்த மன்னா என்ற உணவைப் பார்த்து வெறுத்துப்போன இஸ்ரவேல் ஜனங்கள் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்துத் தங்கள் கூடார வாசல்களில் நின்று அழுகிறார்கள். அதே அதிகாரத்தில், அதே நாளில், மோசே பேசுவதைக் கேளுங்கள். இந்த ஜனத்தை எல்லாம் நானா பெற்றேன், இவர்களை நான் தனியாகச் சுமக்க முடியாது, எனக்கு இப்படித்தான் செய்வீரானால் என்னை இப்போதே கொன்றுபோடும் என்கிறார். ஜனங்கள் பேசியதைவிட இது கடுமையான பேச்சு. ஆனால் மோசேக்குக் கிடைத்த பதில் 70 மூப்பர்கள். பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ள ஆட்களைக் கொடுத்தார் கர்த்தர். ஜனங்களுக்கு வந்ததோ வாதை.

ஏன் இந்த வித்தியாசம்? பிற்பாடு உபாகமத்தில் மோசே அந்தத் தலைமுறையைப் பற்றிச் சொல்லும்போது, நீங்கள் உங்கள் கூடாரங்களில் முறுமுறுத்து, கர்த்தர் நம்மை வெறுக்கிறார் என்று சொன்னீர்கள் என்கிறார். கூடாரத்துக்குள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். அவருக்கு முதுகைக் காட்டிவிட்டு, அவரைப் பற்றித் தங்களுக்குள்ளேயே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். முறுமுறுப்பு என்று வேதம் சொல்வது இதைத்தான். மோசே தன் மனக்கசப்பைத் தூக்கிக்கொண்டு நேராக அவரிடமே போனார். நீங்கள் சொல்லப் பயப்படுகிற வாக்கியமும் மோசேயின் பக்கத்தைச் சேர்ந்தது.

சரி, யாக்கோபு எழுதியதற்கு வருகிறேன். அந்த வசனத்தை வைத்து எத்தனை பேர் தங்களையே அடித்துக்கொள்கிறார்கள் என்பதை ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காற்றில் அலைகிற கடலின் அலை என்ற ஆறாம் வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தின ஐந்தாம் வசனத்தை மறந்துவிடுகிறோம். அங்கே யாக்கோபு தேவனை எப்படி அறிமுகப்படுத்துகிறார்? யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர், ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர். ஞானம் குறைவாயிருக்கிறவன் அவரிடம் கேட்கட்டும் என்பதுதான் பேச்சு. பிறகு எட்டாம் வசனத்தில் "இருமனமுள்ளவன்" என்கிறார். ஒரு காலைத் தேவனிடத்திலும் மறு காலை வேறிடத்திலும் வைத்துக்கொண்டு, கிடைத்தால் கிடைக்கட்டும் என்று கேட்கிறவனை அவர் எச்சரிக்கிறார். பயத்தில் நடுங்கிக்கொண்டே அவரிடம் வருகிறவளுக்குப் போக வேறிடம் இல்லை. அவள் கை நடுங்கலாம், மனம் இரண்டாக இல்லை.

இதற்கு என்னிடம் இருக்கிற சாட்சி, மாற்கு 9-ல் வருகிற ஒரு தகப்பன். அவன் பிள்ளையும் சிறுவயதுமுதல் அவதிப்பட்ட பிள்ளை. சீஷர்களிடம் கொண்டுபோய்ப் பார்த்தான், அவர்களால் முடியவில்லை. இயேசுவிடம் வரும்போது, "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்றுதான் அவனால் கேட்க முடிந்தது. ஏமாந்து ஏமாந்து வந்தவனின் வார்த்தை அது. பிறகு கண்ணீரோடு கத்துகிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." முதலில் உன் அவிசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளையைக் குணமாக்கினார். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் வந்த அந்த ஜெபத்தை அவர் ஜெபமாக ஏற்றுக்கொண்டார்.

சந்தேகத்தை அவரிடமே கொண்டுபோன இன்னொருவரும் உண்டு, யோவான் ஸ்நானகன். ஊரெல்லாம் கேட்க "இதோ தேவ ஆட்டுக்குட்டி" என்று கைகாட்டியவர். சிறைக்குள் இருக்கும்போது, வருகிறவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். அவர் அந்தக் கேள்வியை வேறு யாரிடமும் கேட்கவில்லை, இயேசுவிடமே அனுப்பினார். பதில் வந்தது. அனுப்பப்பட்டவர்கள் திரும்பிப் போனதும், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்று இயேசு ஜனங்களிடம் சொன்னார். யோவான் சந்தேகப்பட்ட அதே நாளில் சொன்னார் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது, வாயால் சொன்னால் நடந்துவிடுமோ என்ற பயம். "மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்திலிருக்கும்" என்ற நீதிமொழியை நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. அந்த வசனம் மனிதர் மனிதரிடம் பேசும் பேச்சு எவ்வளவு கட்டும், எவ்வளவு உடைக்கும் என்பதைச் சொல்கிறது. உங்கள் தம்பி மரணத்தில் அந்த ஒருவர் பேசியது உங்களுக்குள் என்ன செய்தது என்று பார்த்தாலே அதன் உண்மை விளங்கும். ஆனால் அழுகையில் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, "நீயே சொல்லிவிட்டாய், இனி உன் பிள்ளையை எடுத்துக்கொள்வேன்" என்று காத்திருக்கிற தேவன் இயேசு காட்டிய பிதா கிடையாது. "என் நாவில் சொல் பிறவாததற்குமுன்னே, இதோ, கர்த்தாவே, அதையெல்லாம் நீர் அறிந்திருக்கிறீர்" என்று சங்கீதம் 139 சொல்கிறது. நீங்கள் மறைக்க முயல்கிற வாக்கியம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குத் தெரியாமல் அதைப் பூட்டி வைக்க முடியாது. பூட்டியதால் நீங்கள்தான் அதோடு தனியாக அடைபட்டுக் கிடக்கிறீர்கள்.

எங்கே போய் இந்தப் பேச்சைக் கற்றுக்கொள்வது? சங்கீதங்களில். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீட்டுப் பாடல்கள் என்று வேத அறிஞர்கள் சொல்வார்கள். நாம் துதிப் பாடல்களை மட்டும் மனப்பாடம் செய்கிறோம். 13-ம் சங்கீதம் ஆறே வசனம். அதில் முதல் இரண்டு வசனங்களுக்குள் தாவீது "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறான். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று ஒரு மனிதன் தேவனைக் கேட்கிறான். அந்தக் கேள்வியை இஸ்ரவேல் இராகத்தலைவனிடம் கொடுத்துச் சபையில் பாடியது! புலம்பாதே என்று நாம் ஒருவரை ஒருவர் அதட்டுகிறோம். வேதத்திலோ புலம்பல் என்றே ஒரு புத்தகத்துக்குப் பெயர். நான் கூப்பிட்டாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார் என்று அதில் இருக்கிறது. அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்று நாம் சுவரில் மாட்டி வைக்கிற வசனமும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது, இந்த அழுகைக்குக் கொஞ்சம் பின்னால்.

88-ம் சங்கீதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற முறையீட்டுச் சங்கீதங்களில் கடைசியில் எங்கேயாவது ஒரு வெளிச்சம் வரும். இதில் வராது. எபிரெயத்தில் அந்தச் சங்கீதத்தின் கடைசிச் சொல்லே இருள் என்பதுதான். என் தகப்பனார் மறைந்த பிறகு சில மாதங்கள் என்னால் வேறு எந்த வேதப் பகுதியையும் வாசிக்க முடியவில்லை. துதிப் பாடல்கள் என்னைப் பார்த்துக் குற்றம் சொல்வது போல இருந்தது. இந்த ஒரு சங்கீதம் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி, இருளில் முடிந்து, அப்படியே வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. யாரும் அதற்கு ஒரு நல்ல முடிவு எழுதிச் சேர்க்கவில்லை. அதனால் உங்களிடமும் சொல்கிறேன்: ஒவ்வொரு ஜெபத்தையும் "ஆனாலும் உம்மைத் துதிக்கிறேன்" என்று முடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள். வந்தால் வரட்டும். வராத நாளில், சொன்ன இடத்திலேயே நிறுத்திவிட்டு எழுந்திருங்கள்.

சிலுவைக்கு முந்தின இரவில் இயேசுவே கெத்செமனே தோட்டத்தில் திகிலடைந்தார் என்று மாற்கு எழுதுகிறார். இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று ஒருமுறை கேட்டு நிறுத்தவில்லை; அதே வார்த்தைகளைச் சொல்லி மூன்றாம் முறையும் ஜெபித்தார் என்கிறார் மத்தேயு. சிலுவையில் அவர் சொன்ன "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ம் சங்கீதத்தின் முதல் வரி. "உம்முடைய சித்தத்தின்படி ஆகக்கடவது" என்ற வார்த்தையை நாம் பல நேரம் பயத்தை மூடும் மூடியாக வைக்கிறோம். அவர் அந்த வார்த்தைக்கு வருவதற்கு முன் தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னார். நீங்களும் சொல்லுங்கள். "என் பிள்ளைக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. அவள் எனக்கு வேண்டும்."

இன்னொன்று என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. குழுவில் சரளமாக வருகிற ஜெபம் தனியறையில் வருவதில்லை என்கிறீர்கள். நம் சபைகளில் ஜெபத்துக்கென்று ஒரு தமிழ் இருக்கிறது. "கிருபையுள்ள பரம பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்" என்று அது பாட்டுக்கு ஓடும். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தத் தமிழில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் உங்கள் துக்கத்துக்கு அந்தத் தமிழ் தெரியாது. நடுராத்திரியில் விழித்துக்கொண்டு பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிற தாய்க்கு ஸ்தோத்திரிக்கிறோம் என்று எப்படி வாய் வரும்? உங்கள் அம்மாவிடம் பேசுகிற தமிழில் பேசுங்கள். "ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. தம்பிக்காக அவ்வளவு கேட்டேன், நீங்க கேட்கலை. இப்போ எந்த நம்பிக்கையில உங்ககிட்ட வர்றது?" இவ்வளவு போதும். நீர், உம்மை என்று வராமல் நீங்க, உங்ககிட்ட என்று வந்தால் மரியாதை குறைந்துவிடாது. பிள்ளைக்காக ஜெபித்த அன்னாளுக்கு அன்று சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். அவளோ என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்று சொன்னாள்.

பேச வரவில்லை என்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பயத்தைப் பொதுவாக எழுதாமல், எது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "முடிவு வரும் நாளில் டாக்டர் முகம் மாறுமோ என்று பயம்." "தம்பிக்கு ஆனதுபோல ஆகுமோ என்று பயம்." "உம்மேல் கோபமாயிருக்கிறேன் என்பதற்காக என்னைத் தண்டிப்பீரோ என்று பயம்." இந்தக் கடைசிப் பயம்தான் உங்களுக்குள் ஆழமாக இருக்கிறது என்று என் அனுபவத்தில் தோன்றுகிறது. அதை முதலில் சொல்லுங்கள். எழுதிய பிறகு, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற ஒரே வசனத்தை வாசித்துவிட்டுத் தூங்கப் போகலாம். அதில் பயப்படாமல் நம்புவேன் என்று இல்லை, பயப்படுகிற நாளில் என்று இருக்கிறது.

தனியாக இருக்கும்போது வறண்டுபோய் இருந்துகொண்டு, குழுவில் மற்றவர்களுக்காக ஜெபிப்பது மாய்மாலம் என்று நீங்கள் உங்களைக் குற்றப்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். பிறருடைய பாரத்துக்காக வாய் திறப்பது மாய்மாலமாகாது. அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007-ல் வெளியானபோது, அவர் பல பத்தாண்டுகள் தேவன் மறைந்திருக்கிற இருளை உணர்ந்தபடியே ஊழியம் செய்தார் என்று உலகம் அறிந்துகொண்டது. அந்த இருளையும் அவர் தன் ஆவிக்குரிய வழிகாட்டிகளிடம் சொல்லித்தான் வைத்திருந்தார். ஆனாலும் ஒரு மாதம் குழுவை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக உட்காருங்கள். மற்றவர்கள் உங்களுக்காக ஜெபிக்கட்டும்.

யாரிடம் சொல்வது என்பதில் மட்டும் நிதானம் வேண்டும். 73-ம் சங்கீதத்தில் அதைப் பாடிய ஆசாப் தன் கால் சறுக்க இருந்தது என்று ஒப்புக்கொள்கிறான். ஆனால் அந்த நேரத்தில் எல்லார் முன்பும் இதைப் பேசியிருந்தால் உம்முடைய பிள்ளைகளுக்குத் துரோகியாயிருப்பேன் என்றும் சொல்கிறான். குழு முழுவதற்கும் சொல்ல வேண்டாம். பதில் சொல்லத் துடிக்காத, வசனத்தை எறியாத ஒரே ஒரு ஆளைத் தேடுங்கள். உங்கள் கணவரிடம் இந்தப் பயத்தைச் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. பாதி நேரம் இரண்டு பேரும் ஒரே பயத்தைத் தனித்தனியாக மறைத்துக்கொண்டு இருப்பார்கள்.

அப்புறம், சரீரத்தையும் கவனியுங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து போதும் கர்த்தாவே, சாக வேண்டும் என்றபோது, தூதன் முதலில் கொண்டுவந்தது அப்பமும் தண்ணீரும். சாப்பிட்டான், மறுபடியும் தூங்கினான், மறுபடியும் சாப்பிட்டான். கேள்விக்கான பேச்சு அதற்குப் பிறகுதான் நடந்தது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் தாமதிக்காமல் ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். அது அவிசுவாசம் ஆகாது. துக்கம் இரண்டு வருடம் உள்ளே அடைபட்டுக் கிடந்தால் உடம்பும் சேர்ந்து களைத்துப்போகும்.

மகளுக்கு ஒன்றும் இருக்காது என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. தம்பிக்காக உங்களுக்கு அப்படிக் கொடுத்தவர்கள் போதும். எந்த முடிவு வந்தாலும், அந்த முடிவோடு அவரிடம் போகலாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். மகளும் அம்மாவின் முகத்தைப் படித்துக்கொண்டுதான் இருப்பாள். அவள் "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றால், பயப்படக் கூடாது என்று சொல்லாமல், "அம்மாவுக்கும்தான், வா, ரெண்டு பேரும் சேர்ந்து இயேசப்பாகிட்ட சொல்லலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

இன்று இரவு 13-ம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களைச் சத்தமாக வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, உங்களுடையதைச் சொல்லுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிடலாம். உங்கள் தம்பியையும் மகளையும் நினைத்து நானும் அந்தச் சங்கீதத்தை வாசிப்பேன். முடிவு வந்ததும் எழுதுங்கள். எப்படி வந்தாலும் எழுதுங்கள்.